ஒன்பது காலுறை, ஆளுக்கு 20 வெள்ளி

தைப்பிங்கில் டிசம்பர் மாதம் ஒரு துணி நன்றாகக் காய வேண்டுமென்றால் மூன்று நாளாவது ஆகும். தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் அதுவும் ஒன்று. என் புகுந்த வீடு அங்கேதான். அதனால் கிறிஸ்துமஸ் காலுறைகளை அத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துவிடுவார். சாதாரணக் காலுறைகள் அல்ல அவை. முழங்கால் வரைக்கும் வரும் காற்பந்துக் காலுறைகள். மெரூன் நிறம், மேலே இரண்டு வெள்ளைக் கோடு.

என் மாமனார் ரயில்வேயில் வேலை செய்தவர். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில்தான் போடப்பட்டது என்பதைப் புதிதாக வீட்டுக்கு வருகிற யாரிடமும் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவார். இளவயதில் அவர் காற்பந்தும் விளையாடியிருக்கிறார். குழு கலைந்தபோது மிச்சமான காலுறைகளை ஒரு கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த ஒரு கிறிஸ்துமஸில், கடையில் விற்கும் சிவப்புத் துணிக் காலுறை வாங்கப் பணம் போதவில்லை. அந்தக் கட்டிலிருந்து இரண்டை எடுத்து மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டினார். அன்று தொடங்கியது இன்றுவரை மாறவில்லை.

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். தீபாவளிக்கு அதிரசமும் பண அன்பளிப்பு உறையும் தெரியும். காலுறைக்குள் பரிசு என்பதைத் தொலைக்காட்சிப் படங்களில் பார்த்ததோடு சரி. திருமணமான முதல் டிசம்பரில், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தபோது, படிக்கட்டில் என் பெயர் தைத்த காலுறை ஒன்று தொங்கியது. உள்ளே என்ன இருந்தது என்பது எட்டு வருடம் கழித்தும் வரிசையாக நினைவில் இருக்கிறது. தொண்டைக்கான மிட்டாய் ஒரு பொட்டலம் (காலை ஆறு மணி நிகழ்ச்சி செய்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்), சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு குறிப்பேடு, அரை டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல், நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம். வளையல் அச்சு வார்த்ததுபோல் என் கைக்குச் சரியாக இருந்தது. என் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து அளவு கேட்டிருக்கிறார் அத்தை. எல்லாம் சேர்த்து 15 வெள்ளிகூட ஆகியிருக்காது.

காலுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றே கேட்டேன். மாமா கதை சொன்னார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மைரா என்ற ஊரின் ஆயர் நிக்கோலஸ். ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. யார் கொடுத்தது என்று தெரியக்கூடாது என்பதற்காக நிக்கோலஸ் இரவில் வந்து பொற்காசு முடிப்பை வீட்டுக்குள் எறிந்தாராம். அது காயப்போட்டிருந்த காலுறைக்குள் போய் விழுந்ததாம். கதைதான், ஆனால் காலுறை நுனியில் ஆரஞ்சு வைக்கும் வழக்கத்தை அந்தப் பொன்னுக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் பிள்ளைகள் காலுறைக்குப் பதில் காலணியை வைப்பார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே அவர்களுக்கு அந்தப் பண்டிகை வந்துவிடும். ஆயரின் குதிரைக்காகக் காலணிக்குள் ஒரு கேரட்டும் வைப்பதுண்டு. 1823இல் அமெரிக்காவின் டிராய் நகரச் செய்தித்தாளில் வெளிவந்த ஒரு கவிதைதான், கணப்படுப்பின் ஓரம் தொங்கும் காலுறையை ஆங்கிலம் பேசும் உலகமெங்கும் பரப்பியது. நம் வீடுகளில் கணப்படுப்பு ஏது? படிக்கட்டுக் கைப்பிடி, ஜன்னல் கம்பி, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி, எது வாகாக இருக்கிறதோ அது.

ஐந்து வருடத்துக்கு முன் அத்தைக்கு முட்டிவலி கடுமையானது. கடை கடையாக ஏறி இறங்க முடியவில்லை. “இந்த வருஷத்துலேர்ந்து நீ பாத்துக்கம்மா” என்று பட்டியலை என் கையில் கொடுத்தார். அத்தை, மாமா, கணவர், நான், நாத்தனார், அவர் கணவர், அவர்களின் இரண்டு பையன்கள். பிறகு என் மகளும் வந்து சேர்ந்தாள். ஒன்பது காலுறை. ஆளுக்கு 20 வெள்ளிதான் என்பது அத்தை போட்ட சட்டம். மொத்தம் 180. இதற்கு மேல் போனால் அது காலுறைப் பரிசு இல்லை, போட்டி என்பார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், 200 வெள்ளிக்கு ஒருவருக்குப் பரிசு வாங்குவது சுலபம். 20 வெள்ளிக்கு வாங்குவதுதான் கஷ்டம். விலை உயர்ந்த பொருள் தானே பேசிக்கொள்ளும். 4 வெள்ளிச் சாமான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நிற்கும்போதுதான், இந்த மனிதரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்ற கேள்வி வருகிறது. எனக்கு அது ஒருமுறை மிக மோசமாகத் தெரிந்தது.

நாத்தனாரின் மூத்த மகனுக்கு அப்போது 14 வயது. பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருந்தான். பயிற்சி முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால் வீடே எழுந்து வெளியே போகும். நான் பெரிய அறிவாளியாக, நல்ல வாசனைச் சோப்பு, அக்குளில் பூசும் ரோல்-ஆன், முகப்பருவுக்கான களிம்பு மூன்றையும் அவன் காலுறைக்குள் போட்டேன். பயனுள்ள பொருள், 20 வெள்ளிக்குள் அடங்கியது, கச்சிதமாக உள்ளே நுழைந்தது. எல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் காலுறையை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக, ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்ட வேண்டும். சோப்பு வந்தபோது தம்பி சிரித்தான். ரோல்-ஆன் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். களிம்பை அவன் வெளியே எடுக்கவே இல்லை. காலுறையை அப்படியே தரையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். பசியாறவும் வரவில்லை, மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மாமாதான் ஒரு தட்டில் சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் போட்டு மேலே எடுத்துப் போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் சரியாகப் பேச அடுத்த தைப்பூசம் தாண்டிவிட்டது.

ஆகவே வாசகர்களே, எதை வாங்குவது என்பதற்கு முன் எதை வாங்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் உடம்பைத் திருத்தும் எந்தப் பொருளும் காலுறைக்குள் போகக்கூடாது. எடை குறைக்கும் தேநீர், முகச்சுருக்கக் களிம்பு, நரைமுடிச் சாயம், எதுவும். தேவை என்றால் தனியாக, கதவு மூடிய அறையில் கொடுங்கள். அவனுக்கு இப்போது 17 வயது. தேவாலயப் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கிறான். போன வருடம் அவனுக்கு நான் வாங்கியது கித்தார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகள் ஆறு, ஒரு கம்பிச் சுருள், மாமீ நொறுக்கு இரண்டு பொட்டலம். வில்லை என்பது ஒவ்வொரு வாரமும் எங்காவது தொலைந்து போகும் பொருள். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? நவம்பரில் ஒரு நாள் சோபா மெத்தைகளைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தான். பார்த்தேன், குறித்துக்கொண்டேன்.

அந்தக் குறிப்புதான் முக்கால்வாசி வேலை. தீபாவளி முடிந்த கையோடு கைப்பேசியில் ஒன்பது பெயரையும் எழுதி வைத்துவிடுவேன். யார் எதைத் தேடுகிறார், எது உடைந்தது, எதைக் கடன் வாங்குகிறார் என்று ஒவ்வொன்றாகச் சேரும். நாத்தனாரின் கணவர் சுங்கைப்பட்டாணிக்கும் தைப்பிங்குக்கும் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர். டோல் சாவடிக்கு முன்னால்தான் அட்டையில் பணமில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வரும். அவருக்கு வருடாவருடம் டச் அண்ட் கோ அட்டையில் 10 வெள்ளி ஏற்றி, அட்டையைக் காலுறைக்குள் திரும்பப் போடுவோம். அவர் அட்டையையே திருடி, அவருக்கே பரிசாகக் கொடுக்கிற இந்த விளையாட்டுக்கு அவர் இன்னமும் சிரிக்கிறார்.

அத்தைக்கு வாங்குவது எனக்குப் பிடித்த வேலை. சமையலறைச் சாமான் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பெண்ணென்றால் கரண்டியா என்று கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். அத்தையோ கேட்டே வாங்குவார். முறுக்கு உரலுக்கு நட்சத்திரத் தட்டு, போத்தல் மூடி திறக்கும் ரப்பர் துணி (விரல் வலிக்கு அது பெரிய உதவி), ஊசியில் நூல் கோக்கும் சின்னக் கருவி. இந்தக் கருவி ஒரு வெள்ளி இருக்கும். வயதானவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வாங்கிப் போடுங்கள். போன வருடம் அதை எடுத்ததும் விளக்கடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மாவே ஊசியில் நூல் கோத்து, உருவி, மறுபடி கோத்துக்கொண்டிருந்தார்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பி ஒன்று கொடுத்தால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அவர்களுக்கென்று ‘சர்க்கரை இல்லாத’ சாக்லெட்டை ஆசையாக வாங்குகிறோம். அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் மால்ட்டிட்டால் போன்றவை அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும். இரத்தச் சர்க்கரையை அறவே ஏற்றாது என்பதும் இல்லை. மாமாவுக்கு முதல் வருடம் அதை வாங்கிக் கொடுத்து, திருநாளன்று அவர் பாதி நேரம் கழிவறையில் இருந்தார். அதற்கடுத்த வருடம் வறுத்த கச்சான், உப்பில்லாத பாதாம், கூடவே மேல்விளிம்பு இறுக்காத மெல்லிய பருத்திக் காலுறை ஒரு ஜோடி. காலுறைக்குள் காலுறை. அதை அவர் பெரிய நகைச்சுவையாக எல்லோரிடமும் சொன்னார். வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனிக் கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டியும் ஒருமுறை கொடுத்தேன். திருத்தும் பொருள் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு நானே மீறியது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு நாள் பார்த்தேன். திங்கள் கட்டத்தில் தூண்டில் முள், செவ்வாயில் ஈயக்குண்டு, புதனில் திருகாணி.

பிள்ளைகளுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மலிவுக் கடைகளில் மின்னும், பாடும், சுழலும் சின்னப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது பொத்தான் மின்கலம். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையாகப் புண்ணாகிவிடும். மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். விரல் நகத்தாலேயே திறக்க முடிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். சின்னச் சின்னக் காந்த உருண்டைகளும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஊதாத பலூன்கூட வேண்டாம். விளையாட்டுப் பொருளின் உறையில் எம்சி முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதோடு ஒரு விஷயம்: பெரியவர் காலுறையில் இருக்கும் கோடாலித் தைலப் புட்டி அரை மணி நேரத்தில் குழந்தையின் கைக்குப் போய்விடும். திறந்த பொருள்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

நாத்தனாரின் இளைய மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு நான் போன வருடம் கொடுத்ததில் எனக்கே பெருமை. அஞ்சாங்கல். மலாய்க்காரர்கள் பத்து செரம்பான் என்பார்கள். கல்லுக்குப் பதில், மிச்சத் துணியில் முக்கோணமாகச் சின்னப் பைகள் தைத்து உள்ளே பச்சைப்பயறோ அரிசியோ நிரப்புவது. தையல் தெரியாத நானே ஒரு சனிக்கிழமை மாலையில் ஐந்து பை தைத்துவிட்டேன். இரண்டு கொஞ்சம் கோணல். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவன் எடுத்துப் பார்த்து, “இது என்ன அத்தே?” என்றான். விளையாடிக் காட்ட எனக்கு வரவில்லை. மூன்றாவது கல்லிலேயே விட்டுவிட்டேன். அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முட்டி மடங்காது என்பதால் தரையில் உட்காரவில்லை, மேசை மேலேயே போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தையும் புறங்கையில் ஏந்தினார். அன்று சாயங்காலம் வரை பையன் கைப்பேசியைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். தொட்டான், அத்தை விளையாடுவதைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புவதற்கு.

சாப்பிடும் பொருளில் நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று எறும்பு. ஆங்கிலப் படங்களில் காலுறை ஒரு வாரம் நிறைந்து தொங்கும். இங்கே ஒரு இரவு தொங்கினாலே போதும், கைப்பிடி நெடுக ஓர் ஊர்வலம் கிளம்பிவிடும். ஆகவே வெற்றுக் காலுறையைத்தான் தொங்கவிட வேண்டும். பொருள்களைப் பெயர் எழுதிய தனித்தனிப் பைகளில் கட்டி அலமாரியில் வைத்திருந்து, பூசைக்குப் போய்வந்து எல்லோரும் படுத்த பிறகு நிரப்புவது. சாக்லெட்டைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கடைசியில் எடுங்கள். இரண்டாவது சிக்கல் ஜெலட்டின். என் அம்மா சைவம். கிறிஸ்துமஸ் மதியம் அவரும் வருவார். பக்கத்து வீட்டு மக்சிக்கும் நாங்கள் ஒரு பை கொடுப்போம். மார்ஷ்மெல்லோ, ரப்பர் மிட்டாய் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். மக்சிக்கு வாங்குவதில் ஹலால் முத்திரையைப் பார்ப்பேன். ஆனால் ஹலால் ஜெலட்டின் மாட்டிலிருந்தும் எடுக்கப்படும், அது என் அம்மாவுக்கு ஆகாது. இருவருக்கும் பொதுவாக எள்ளுருண்டை என்று முடிவு செய்த பிறகு நிம்மதியாக இருக்கிறேன்.

நிரப்புவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆரஞ்சு முதலில், விரல் நுனிக்கு. அது எடை கொடுத்துக் காலுறையை நேராகத் தொங்க வைக்கும். டிசம்பரில் சீனப் பெருநாள் மாண்டரின் குவியல்கள் இன்னும் வந்திருக்காது. கிடைக்கிற ஆரஞ்சைப் போடுங்கள். குதிகால் வளைவில் உருண்டையான பொருள். நடுவில் தட்டையானவை. மேலே எட்டிப் பார்க்கும்படி ஏதாவது நீளமான பொருள். ஒரு பிரம்பு விசிறி, ஒரு தூரிகை. கடைசியாக ஒரு கையெழுத்துச் சீட்டு. ‘இந்தச் சீட்டுக்கு ஒரு நாள் பாத்திரம் கழுவித் தரப்படும்’ என்று நான் எழுதிக் கொடுத்ததை நாத்தனார் இரண்டு வருடமாகப் பணப்பையில் வைத்து மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

வானொலியில் ஒரு காலை, ‘உங்களுக்குக் கிடைத்ததில் மிகச் சின்னப் பரிசு எது?’ என்று கேட்டேன். பெரிதாக யாரும் அழைக்கமாட்டார்கள், இரண்டு பாட்டோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். கடைசியில் செய்திக்கு நேரமாகிவிட்டது என்று நேயர்களைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. லோரி ஓட்டுகிற ஒருவர், அம்மா வாங்கிக் கொடுத்த சீப்பு இன்னும் வண்டியில் இருக்கிறது என்றார். தலையில் முடி போய்ப் பல வருடம் ஆகிறதாம்.

மாமா இந்த ஜூலையில் காலமானார். ஒன்பதாவது காலுறையைப் போன வருடம் அவர்தான் வாங்கி வந்தார், என் மகளுக்காக. பழைய கட்டில் எதுவும் மிச்சமில்லை. அதே மெரூன், அதே இரண்டு வெள்ளைக் கோடு வேண்டும் என்று ஈப்போ வரைக்கும் ரயிலில் போய்த் தேடியிருக்கிறார். பெயரை அத்தை தைத்தார்.

இந்த நவம்பரில் பெயர்களைக் கைப்பேசியில் எழுதும்போது கை நின்றுவிட்டது. எட்டா, ஒன்பதா? கணவரைக் கேட்டேன். “அம்மா முடிவு பண்ணட்டும்” என்றார். நாத்தனாரோ, தொங்கவிட்டால் அம்மா தாங்கமாட்டார் என்றார்; சற்று நேரம் கழித்து அழைத்து, தொங்கவிடாவிட்டால் அதைவிட மோசம் என்றார். மூத்தவன் மட்டும், “தாத்தாவோடத எனக்குக் குடுங்க, நான் போட்டு விளையாடுறேன்” என்றான். அது எனக்குச் சரியாகப் பட்டது. ஆனால் அதை அத்தையிடம் யார் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

போன வாரம் விடுமுறை கிடைத்து மின்ரயிலில் தைப்பிங் போனேன். வழக்கம்போல் மழை. அத்தை பின்கட்டில் கொடி கட்டி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவர் உள்ளே தேநீர் கலக்கும்போது நான் கொடியை எண்ணினேன். ஒன்பது. மாமாவுடையது நடுவில் இருந்தது. அவருடைய குதிகாலில் ஒரு பழைய ஓட்டை உண்டு. வருடாவருடம் அது வழியே கச்சான் விழும், அதைத் தைக்கவேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அது இப்போது தைக்கப்பட்டிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் குடித்தோம். கிளம்பும்போது அத்தை கையில் 180 வெள்ளியை வைத்தார். நான் எண்ணிப் பார்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பும் வழியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் கச்சான் வாங்கினேன், வறுத்தது, உப்பில்லாதது.